சியாமளா சொன்ன மழை

“இன்னிக்கு ஒரு பொட்டு மழை கெடையாது” என்று பால்கனியிலிருந்து கீழே பார்த்து அறிவித்துவிட்டு, சியாமளா கொடியில் சேஷனின் நான்கு சட்டைகளை உலர்த்தினாள். நான்காவது சட்டைக்குக் க்ளிப் மாட்டியதும், நெஞ்சை என்னவோ செய்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று ஜூலை ஒன்பது.

மாலையில் சேஷன் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பியபோது டெல்லி துவாரகாவில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. குடியிருப்பில் இருந்த அறுபது பால்கனிகளிலும் கொடி காலி. அவர் வீட்டில் மட்டும் நான்கு சட்டைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. எடுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. துக்கம் கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போயாயிற்று. நான்கு நாளாக அந்த மணியை ஒருவரும் தொடவில்லை. சேஷன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் சேட்டு நின்றான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிறவன்.

“சார், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா தொழிலாச்சே. இன்னிக்கு மழ வருமா?”

பதினாறு வருடமாகக் குடியிருப்பு முழுவதும் சியாமளாவிடம்தான் மழை கேட்டது. காலை ஆறரைக்குத் தமிழ்ச் சேனலில் பிறந்த ஊரான கடலூர்ப் பக்கத்துச் செய்தியைப் பார்த்து முடிப்பாள், பால்கனிக்குப் போய் ஒரு தடவை வானத்தைப் பார்ப்பாள், சொல்லிவிடுவாள். கீழே நிற்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஜன்னலே இல்லாத அமைச்சக அறையில் முப்பத்தொரு வருடம் கோப்பு பார்த்து, போன மார்ச்சில்தான் ஓய்வு பெற்ற சேஷனுக்கு, மழை வந்ததும் வராததும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தன் சட்டைகளில் எப்போதும் வீசும் ஈரவாடைக்கு அவர் டெல்லித் தண்ணீரைக் குற்றம் சொல்லி வந்தார்.

இப்போது அவர் மொபைலைத் திறந்தார்.

“நாற்பது சதவீதம்னு போட்டிருக்கான்.”

“நூறு துணி இருக்கு சார். எந்த நாப்பத உள்ள வைக்கிறது?”

“சரி. வராது.”

“இது பேச்சு” என்று சேட்டு மலர்ந்துபோய் இறங்கினான்.

பால்கனியிலிருந்து பார்த்தால், சேட்டு துணியையெல்லாம் மூட்டை கட்டி, நீலப் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் வரை அசையவில்லை.

“என்ன சார், வெயில் அடிச்சிடுச்சே” என்றான் மாலையில், மனம் நொந்து.

“நான் அப்படித்தானே சொன்னேன்?”

“அதான் சார்.”

தன்மேல் நம்பிக்கை இல்லை என்று சேஷன் முடிவு செய்தார். நம்பிக்கை வர வேண்டுமானால் கணிப்பு துல்லியமாக வேண்டும். மூன்று ஆப்புகளை இறக்கினார். ரேடார் படம் பார்த்தார். ஒரு நோட்டுப் போட்டு, காற்றின் திசையைத் தேதிவாரியாக எழுதினார். வியாழக்கிழமை காலை பால்கனியில் நின்று, “பன்னிரண்டு மணிக்கு மழை” என்று அறிவித்தார்.

மூன்றாம் மாடி மஹாலட்சுமி மாமி உடனே மொட்டை மாடிக்குப் போய் வடாம் பிழிந்தாள்.

“மாமி, மழைன்னு சொன்னேனே!”

“காதுல விழுந்தது, விழுந்தது” என்றபடி மாமி இன்னொரு வேட்டியையும் விரித்தாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு வடாம் கஞ்சியாகி, குழாய் வழியாக இறங்கிப் போயிற்று. மாமி அதற்குப் பிறகு சேஷனை லிஃப்டில் பார்த்தால் படியில் போனாள்.

ஒரே ஒரு நாள் கணிப்பு பொய்த்தது. இடி, மின்னல் என்றார். ஒரு தூறல்கூட இல்லை. அன்று சேட்டு பிளாஸ்டிக் குவளையில் டீ வாங்கிக்கொண்டு வந்து, “சாருக்கும் கை வந்துடுச்சு” என்றான். தோற்றவனுக்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்ட சேஷன் நான்காவது ஆப்பை இறக்கினார்.

அதற்குப் பிறகு தவறவேயில்லை. மணி அடிப்பதும் குறைந்தது. அது அடியோடு நின்றுவிட்டால் அந்த வீட்டில் குக்கரைத் தவிர வாய் திறக்க எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை மணி அடித்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராமமூர்த்தி.

“சேஷன் சார், பேஸ்மென்ட்ல தண்ணி வரும்னு பயமுறுத்தறா. காரையெல்லாம் என்ன பண்றது? உங்காத்து வாக்கைத்தான் நாங்க எப்பவும் கேட்கறது.”

சேஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு ஆப், ரேடார், நோட்டு எல்லாம் ஒரே குரலில் பேசின.

“இன்னிக்குப் பிரளயம். வண்டியெல்லாம் வெளியே எடுத்து மேட்டுல விடுங்கோ.”

“பக்கா?”

“பக்கா.”

ராமமூர்த்தியின் முகத்திலிருந்து கவலை துடைத்தாற்போல் போயிற்று. “வயித்துல பாலை வார்த்தேள்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பத்து நிமிடத்தில் காவலாளி விசில் ஊதினான். தெருவில் நின்றிருந்த கார்கள்கூட வரிசை கட்டி பேஸ்மென்டுக்குள் இறங்கின. கடைசியாக இறங்கியது ராமமூர்த்தியின் புது வெள்ளைக் கார்.

“உள்ளே இல்லை, வெளியே! வெளியே!” என்று சேஷன் பால்கனியிலிருந்து கத்தினார்.

ராமமூர்த்தி காரிலிருந்து கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான்கு மணிக்கு வானம் கிழிந்தது. ஐந்து மணிக்குச் சாலை கால்வாயாகி, சரிவில் இறங்கி, பேஸ்மென்டுக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. முழுகிய கார்களில் ஒன்று மட்டும் விடியும் வரை தானாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு வாசல் மணி அடிக்கவில்லை. ஏழரைக்குத் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி பவுனு வந்தாள். பதினாறு வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், விழுப்புரத்துக்காரி.

சேஷனால் அடக்க முடியவில்லை. “நான் சொன்னேன் பவுனு! மழை வரும்னேன், வந்தது. வராதுன்னேன், வரலை. அத்தனை பேரும் வேணும்னே நேர்மாறாப் பண்றா. அம்மா சொன்னா மட்டும் கேட்டாளே?”

பவுனு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“அம்மா சொன்னாலும் இப்டிதான் சார் பண்ணுவாங்க.”

“எப்படி?”

“தலகீழா. அம்மா காலைல டிவில இன்னா பாக்கும்?”

“கடலூர்ச் செய்தி.”

“அந்த மழையத்தான் சார் இங்க வந்து சொல்லும். அங்க புயலு, வெள்ளம், தாழ்வான எடத்துல இருக்காதீங்கன்னா, இங்க சுள்ளுனு வெயிலு. அங்க காஞ்சா இங்க கொட்டும். வந்த புதுசுலயே சேட்டு கண்டுபுடிச்சிட்டான். அம்மா மனசு நோவக் கூடாதுன்னு யாரும் சொல்லல.”

சேஷன் பால்கனிக் கொடியைப் பார்த்தார். நான்கு க்ளிப்புகளும் அவள் மாட்டிய இடத்திலேயே இருந்தன.

“அப்போ அவ மேல அவ்வளவு நம்பிக்கைன்னு...”

“நம்பிக்கதான் சார். நீங்க சொல்றது பலிச்சுத் தொலைக்குது. அம்மா சொன்னது கடைசி நாளு வரைக்கும் ஒரு தடவகூடப் பலிச்சதில்ல.”