நீச்சல்குளமா, செங்கலா?

"இந்த வீட்டுல ஒரே ஒரு விஷயம், ஒண்ணே ஒண்ணு, நான் முடிவு பண்ணணும். பொண்ணு எந்த ஸ்கூலுக்குப் போறாங்கறதை நான்தான் சொல்லுவேன். யார் பேச்சையும் கேக்க மாட்டேன்!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இந்த வீர வசனத்தைப் பேசியது, மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. பேசிவிட்டு ஓரடி பின்னாலும் நகர்ந்துகொண்டார். சூடான சாமான் கையில் வைத்திருப்பவரிடம் வீரம் காட்டக் கூடாது என்பது அவருக்குப் பேசி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சரிங்க," என்றாள் மனைவி.

அவ்வளவுதான். சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் "சரிங்க" என்று சொன்னால் பின்னாலேயே ஒரு "ஆனா" வரும். கடைப் பலகைக்கு மஞ்சள் அடிக்கலாம் என்றார். "சரிங்க, ஆனா பச்சைதான் எடுப்பா இருக்கும்." பச்சை அடித்தார். மீசையை எடுத்தது அவள் யோசனை. திரும்ப வைத்ததும் அவள் யோசனை. நடுவில் அந்த மூக்குக்குக் கீழே நடந்த எதுவுமே அவருடைய யோசனை இல்லை.

"ஆனா?" என்று அவரே கேட்டுப் பார்த்தார்.

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. நீங்களே பாருங்க, நீங்களே சொல்லுங்க. எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை."

அவளுக்குக் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு பண்ணுகிற வேலை. அந்தப் பெட்டிகளுக்கே தாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியாது. கம்பெனி அவளையும் எப்போது வேண்டுமானாலும் வேறு நாட்டுக்கு ஏற்றி அனுப்பும். அதனால்தான் குழந்தைக்குப் பிரிட்டிஷ் பாடத்திட்டம். எந்த ஊரில் போய் இறங்கினாலும் விட்ட பக்கத்திலிருந்து படிக்கலாம். இது வரைக்கும் அவள் முடிவு செய்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் மிச்சம். அந்த மிச்சத்தையாவது அவர் கையில் கொடுக்கக் கூடாதா? என்றைக்காவது ஒருநாள் மகள், "இது எங்கப்பா தேடிக் கண்டுபிடிச்ச ஸ்கூல்" என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்க வேண்டும். மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான், பாவம்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஏன்குட்டி. ஏன் அந்தப் பெயர் என்று அவளே நாளுக்குப் பத்துத் தடவை கேட்பாள்.

அப்பாவும் மகளும் முதலில் போனது நீச்சல்குளம் வைத்த பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம், விமான நிலையம் மாதிரி விசாலம். கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் சிரித்தபடியே சுற்றிக் காட்டினாள்.

"எங்க ஸ்கூல்ல நாலு ஹவுஸ் இருக்கு சார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்."

"எங்களுக்கு ஒரு ஹவுஸே வாடகைதாங்க," என்றார் இவர்.

குளத்தங்கரையில் ஏன்குட்டி குனிந்து பார்த்தாள். "குளத்துல இருக்கறப்ப நீலமா இருக்கு. கையில அள்ளினா நீலம் போயிடுதே, ஏன்?"

"வெரி குட் கொஸ்டின்!" என்று கோட்டு அம்மாள் கை தட்டிவிட்டு அடுத்த மாடிக்குப் போனாள். அங்கே கேட்டதும் வெரி குட் கொஸ்டின். அதற்கு மேல் மாடியில் கேட்டது எக்ஸலண்ட் கொஸ்டின்.

காரில் ஏறியதும் ஏன்குட்டி சொன்னாள்: "என் கேள்வியெல்லாம் நல்லா இருந்துச்சாம்ப்பா. பதில் எந்த மாடியில வச்சிருக்காங்க?"

அடுத்தது மரக்கடைக்குப் பின்னால் இருந்த செங்கல் கட்டடம். அங்கேயும் அதே பாடத்திட்டம், அதே பரீட்சை. குளம் மட்டும் கிடையாது. தலைமையாசிரியை அம்மாளே வாசலுக்கு வந்தார். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்குக் கை பரபரத்தது. வெளி வராந்தாவில் கை கழுவும் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"மூடின அப்புறமும் ஏன் சொட்டுது?" என்றாள் ஏன்குட்டி.

தலைமையாசிரியை குழாயைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். "எனக்கும் தெரியலையே. கழட்டிப் பார்த்துடலாமா?"

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஸ்பேனர் வந்தது. மெயின் வால்வை மூடினார்கள். குழாயின் தலை கழன்றது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து நைந்து போயிருந்தது. ஏன்குட்டி அதை விரலில் மாட்டிக்கொண்டு, "இவ்வளவு சின்னதா, இவ்வளவு பெரிய தண்ணியை நிறுத்துச்சு?" என்று வாயைப் பிளந்தாள். பக்கத்தில் வாயைப் பிளந்தபடி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பேண்ட் முழங்கால் வரை நனைந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. போகிற போக்கில் தன் சட்டைப்பை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தலைமையாசிரியையின் கண்ணாடியையும் நிமிர்த்திக் கொடுத்தார். வகுப்பறைகளைப் பார்க்க மூன்று பேருமே மறந்துவிட்டார்கள்.

இதுதான் பள்ளிக்கூடம். இதுவேதான். சந்தோஷமாக வண்டியை எடுத்தவர் பாதி வழியிலேயே ஓரம் கட்டிவிட்டார். மனைவிக்கும் இதுவே பிடித்திருந்தால்? அப்புறம் இது யார் முடிவு? "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லி மொத்தத்தையும் தன் பேரில் எழுதிக்கொள்வாளே!

அவள் மனதில் எந்தப் பள்ளிக்கூடம்? இது தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், பெண்டாட்டி கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா? இரண்டு பள்ளிக்கூடத்து விளம்பரப் புத்தகத்தையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

"இதுவா, அதுவா?"

"உங்க இஷ்டம்."

வாய் அப்படிச் சொன்னது. கண்ணோ நீச்சல்குளத்தின் மேல் போய் உட்கார்ந்தது. இமைக்கக்கூட இல்லை. ஒரு பெருமூச்சு வேறு.

ஒரு சாட்சி போதாது என்று மறுநாள் ஒரு நல்ல பேண்ட்டின் தையலைத் தானே பிரித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையற்கார அக்காவிடம் போனார்.

"ஏங்க்கா, என் வீட்டுக்காரி ஸ்கூல் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"ஸ்கூல் பத்தி ஒண்ணும் சொல்லலையே. ஈரத் துணி வச்சா ஒழுகாத மாதிரி ஒரு பை தைச்சுத் தர முடியுமான்னு கேட்டா. நீச்சலுக்குக் கொண்டு போறதுக்காம்."

நீச்சல் பை! அந்தப் பேண்ட்டை வாங்கக்கூட மறந்து ஓடி வந்தார். கேஸ் முடிந்தது. அவள் மனசு குளத்தில் முழுகிக் கிடக்கிறது. ஆகவே செங்கல் பள்ளிக்கூடம் முழுக்க முழுக்க அவருடையது!

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் குண்டைப் போட்டார்.

"செங்கல் ஸ்கூல்தான். முடிவு பண்ணிட்டேன்."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ! அங்க நீச்சல்குளம் இல்லையே?"

"குழாய் இருக்கு!"

"ஸ்கூல் பஸ்ஸே கிடையாதாம். யார் கொண்டு விடறது?"

"நான்!"

"விளையாடறீங்களா? ஏழரைக்கு மணி அடிப்பாங்க. அது நீங்க புரண்டு படுக்கிற நேரம்."

"ஆறு மணிக்கே எழுந்திருப்பேன். எழுந்து காட்டறேன், பாரு!"

"மத்தியானம் மூணுக்கே விட்டுடுவாங்களே. நான் ஆபீஸ்ல இருப்பேன். குழந்தை ரோட்டுலயா நிக்கும்?"

"மூணு மணிக்கு எவன் கண்ணாடி வாங்கறான்? கடையைச் சாத்திட்டு நான் போவேன்!"

"சாப்பாடு வீட்டிலேர்ந்து கட்டிக் கொடுக்கணும். அந்த ஸ்கூல்ல கேன்டீன் கிடையாதுங்க."

"அதுவும் நான்தான்!"

"உங்களுக்கு என்ன கட்டத் தெரியும்?"

"ஷூ லேஸ் தெரியும். மிச்சத்தைக் கத்துக்கறேன்!"

"இதெல்லாம்கூடப் போகட்டும். வாரம் ஒரு நாள் பெத்தவங்கள்ல ஒருத்தர் போய்ப் பசங்களுக்கு ஏதாவது சொல்லித் தரணுமாம். என்னால முடியாது. நீங்க மட்டும் என்ன கிழிக்கப் போறீங்க?"

மேஜையை ஒரு தட்டுத் தட்டினார் கடைக்காரர். தண்ணீர் டம்ளர் குதித்தது. "லென்ஸ்! லென்ஸ் பத்திச் சொல்லித் தருவேன். சூரிய வெளிச்சத்துல காகிதத்தை எரிச்சுக் காட்டுவேன். கிட்டப் பார்வைன்னா என்ன, தூரப் பார்வைன்னா என்ன, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைப்பேன்!"

அவர் வாயே திறக்காத இத்தனை விவரமும் இவளுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் கேட்கிறீர்கள். குழாய்க்குள் என்ன இருக்கிறது, மனைவி மனதுக்குள் என்ன இருக்கிறது என்றெல்லாம் துருவியவர், இதை மட்டும் கேட்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தார் இல்லையா, நேரம் ஏது?

மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். முகத்தைத் தொங்கப் போட்டாள். "உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? உங்க இஷ்டப்படியே செய்யுங்க."

ஆகா! இந்த வாக்கியத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் மனிதர். தானே எழுந்து போய் காபி போட்டு, தோற்றவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பதவிசாக வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கல் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகவே செங்கல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நடையே மாறியிருந்தது. தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன் மேடம். என் பொண்ணை இங்கதான் சேர்க்கப் போறேன். இடம் இருக்குமா?"

தலைமையாசிரியை, நிமிர்ந்த கண்ணாடி வழியாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "இடமா? உங்க பொண்ணைத்தான் சேர்த்தாச்சே சார். உங்க வீட்டம்மா போன மாசமே வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிட்டாங்களே! நீங்க ஒரு நாள் குழந்தையோட வருவீங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்திக் காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. குழாய் மட்டும் நான் எதிர்பார்க்கலை சார். அது சொந்தமாச் சொட்டினது."

கடைக்காரர் புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை லென்ஸ் வகுப்பு உங்களுதுதானே? காலையில அவங்க போன்ல சொன்னாங்க. பசங்க இப்பவே குதிக்கறாங்க, சார்."

பசங்க குதிக்கிறார்கள் என்றதும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. மரக்கடை ஓரமாக வந்து நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, போன மாசமே சேர்த்துட்டியா?"

"ஆமாங்க."

"அப்போ உனக்கும் இந்த ஸ்கூல்தான் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்காமலா சேர்ப்பேன்?"

"அப்புறம் எதுக்குடி நீச்சல் பை கேட்டே? நேத்து எதுக்கு என்கிட்ட அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்னே?"

அந்தப் பக்கம் யாருக்கோ ஒரு கப்பல் பெயரைச் சொல்லிவிட்டு, பொறுமையாகத் திரும்பி வந்தாள் மனைவி.

"சீட்டு அப்பவே கிடைச்சிருச்சுங்க. டிரைவர்தான் கிடைக்கலை."