உம்மு குல்சும் எதிர் ரபீக்கா: ஓர் அச்சாறு வழக்கு

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன மறுவருஷம், கிண்ணியா உம்மு குல்சும் தன் தொழில் இரகசியம் களவு போனதாக வழக்கு வைத்தாள். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சஹன் சாப்பிட்டால், சோற்றுக்கு முதல், தொட்டுக்கொள்ள வைக்கும் அவளுடைய வெங்காய அச்சாறுதான் முடியும். புருஷன் மௌத்தான பிறகு அந்தப் பானைதான் அவளுக்குச் சோறு போட்டது. இப்போது மச்சி ரபீக்காவும் அச்சாறு போட்டுக் கலியாண வீடுகளைப் பிடித்துக்கொண்டாள். வயிறு எரியாதா?

நீதவான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"களவு போன இரகசியம் யாது?"

"சொல்ல ஏலாது ஐயா. சொன்னா அது இரகசியமா?"

"சொல்லாத பொருளைச் சட்டம் எப்படிப் பாதுகாக்கும்?"

"அப்ப உங்கட காதுக்குள்ள மட்டும் சொல்றன்."

"பகிரங்க நீதிமன்றில் காதுக்குள் பேசுதல் அவமதிப்பு!"

பாவி மனுஷி, சொல்லிவிட்டாள். உரித்த வெங்காயத்தைச் சிரட்டைத் தணலின் சுடுசாம்பலில் புரட்டி வாட்ட வேணும், பிறகுதான் வினாகிரியில் ஊறப்போட வேணும். மொழிபெயர்க்கும் முதலியார் அதை இங்கிலீசில் தொண்டை கிழியச் சொன்னார். பின் வாங்குகளில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம். அவர்களுக்காகத் தமிழிலும் திருப்பிச் சொன்னார்.

ரபீக்கா வாயில் கை வைத்தாள். "சாம்பலா! அல்லாஹ்வே, நான் எண்ணெயிலதானே வதக்கினனான்!"

ஆனாலும் இரண்டு அச்சாறையும் ஒப்பிட்டுப் பாராமல் தீர்ப்புச் சொல்லலாமா? அச்சாறை வெறும் வாயில் தின்பது நடைமுறைக்கு முரண் என்பதால் புரியாணிச் சஹன் ஒன்று தருவிக்கப்பட்டது. நீதவான், முதலியார், சுகாதாரப் பரிசோதகர் அருளம்பலம் உட்பட ஆறு பேர் சான்றுப் பொருளை வழித்துத் துடைத்தார்கள். நீதவான் ஏப்பம் விட்டுத் தீர்ப்பளித்தார்: இரகசியமென்பது பிறர் அறியாதது. இதையோ நீதிமன்றம் முழுக்க அறியும். ஆகவே இரகசியம் இல்லை. இல்லாததை எவரும் களவெடுக்க ஏலாது. வழக்குத் தள்ளுபடி.

அடுத்த வாரம் நிலாவெளியிலிருந்து குறிஞ்சாக்கேணி வரை குசினிக்குக் குசினி அடுப்புச் சாம்பல் பறந்தது. உம்மு குல்சும் மனம் விடாமல் பானையோடு சந்தைக்கு வந்தாள். அருளம்பலம் வந்து பானையை மூடி அரக்கு முத்திரை வைத்தார்.

"சாப்பாட்டில சாம்பல் சேர்க்கிறதாகச் சத்தியம் பண்ணிச் சொன்னீங்கள். இனி விக்க ஏலாது."

"நீங்களும் வழிச்சுத் திண்டீங்களே ஐயா!"

"அது சான்று. இது வியாபாரம்."

"பக்கத்தில ரபீக்காட பானையைப் பாருங்க! அவளும் சாம்பல்தானே? ஊரே இப்ப சாம்பல்தானே?"

அருளம்பலம் ரபீக்காவின் பானையில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று விழுங்கினார்.

"அவ எங்கயாவது சொன்னவவோ? இல்லையே. அப்ப அது அவவின்ர தொழில் இரகசியம். அதைப் பாதுகாக்கத்தானே அம்மா சட்டம் இருக்கு!"