எட்டுக் கசெற்றும் ஓர் உளவாளியும்

தொடங்கிய எதையும் பாதியில் விடுவதில்லை என்று சிவபாதசுந்தரம் சபதம் எடுத்தபோது, அவர் மனைவி பாலேஸ்வரி குசினியில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடி வீடு. ரயில் போனால் அலுமாரிக் கோப்பைகள் எல்லாம் ஒன்றோடொன்று கதைக்கும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருந்த அவருக்கு, லண்டனிலிருந்து மச்சான் யோகநாதன் ஆள் கையில் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே எட்டுக் கசெற். ஆங்கில உளவாளிக் கதை ஒன்றை ஒரு வெள்ளைக்காரன் முழுக்க வாசித்திருந்தான்.

“எட்டையும் கேட்டு முடிப்பன். நீர் சிங்கள வகுப்பைப் பாதியில விட்ட மாதிரி இல்லை.”

“கேளுங்கோ. கேட்டிட்டு எனக்கும் சொல்லுங்கோ,” என்றாள் பாலேஸ்வரி.

பின்னேரம் வேலையால் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். முதல் கசெற்றில் உளவாளி தேத்தண்ணி குடித்தான். இரண்டாவதில் யன்னலால் மழையைப் பார்த்தான். மூன்றாவதில், விட்டுப் போன பெண்சாதியை நினைத்து இன்னொரு தேத்தண்ணி குடித்தான். உளவாளியில் உளவைக் காணோம், வாளிதான் மிச்சம். நாலாவது கசெற்றைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

ஆனால் சபதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுநாளிலிருந்து முதல் கசெற்றையே மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, கட்டிலில் சரிந்து, நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

எழும்பி வந்தால் குசினியில் விசாரணை.

“இண்டைக்கு என்ன நடந்தது?”

“இண்டைக்கோ... அவன் கப்பலேறிக் கொழும்புக்கு வாறான்.”

“கொழும்புக்கோ?”

“உளவாளி எண்டால் எங்கையும் போவான். கொட்டாஞ்சேனையில ஒரு புடவைக் கடை. அதில ஒரு பெட்டை.”

“நல்லவளோ?”

“அது இப்ப சொல்லேலாது.”

கற்பனை முட்டுப்படும் இடத்தில் நீதிமன்றப் பழக்கம் கைகொடுத்தது. மிச்சத்துக்கு நாளைக்குத் தவணை கேட்பார். பாலேஸ்வரியும் தாராளமாகத் தவணை கொடுத்தாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் உளவாளியைத் துறைமுகத்து ஐஸ் அறை ஒன்றில் மீன் பெட்டிகளோடு அடைத்துவிட்டார். வெளியே எடுக்கத்தான் வழி தெரியவில்லை. மூன்று தவணை முடிந்துவிட்டது.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பாலேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாள். வெள்ளைக்காரன் எப்படி முடித்தான் என்று பார்த்து, ஏதாவது களவெடுக்கலாம் என நினைத்துப் பெட்டியைத் திறந்தார். கூடுகள் வெறுமையாக இருந்தன. எட்டாவது மட்டும் கிடந்தது. போட்டார்.

தாச்சியில் கடுகு வெடித்தது. ரயில் போனது. பிறகு அவருடைய குரலே கேட்டது: “அப்ப அந்தப் பெட்டை கைத்துவக்கை எடுக்கிறாள்...”

நெற்றியில் திருநீற்றோடு பாலேஸ்வரி உள்ளே வந்தபோது அவர் மெசினுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“வெள்ளைக்காரன் எங்கை?”

“அழிச்சுப்போட்டன். கசெற் ஓரத்தில இருக்கிற ஓட்டைக்கு மேல பிளாஸ்டர் ஒட்டினால் அதில திரும்பப் பதியலாமாம். கீழ்வீட்டுப் பைறோஸா காட்டித் தந்தவ. அவவின்ர மெசினைத்தான் குசினியில ஒளிச்சு வைச்சுப் பதிஞ்சனான்.”

“நான் கேட்டு முடிக்காததை எப்பிடி நீர் அழிப்பீர்?”

“இரண்டு மாசமா மெசினுக்குள்ள ஒண்டாம் கசெற்தானே கிடக்குது. உங்கட குறட்டைக்கு நடுவில நான்தான் வந்து நிப்பாட்டிறனான்.”

அவர் வெறும் கூடுகளை எண்ணினார்.

“மற்றதெல்லாம்?”

“மானிப்பாயில.”

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவளுடைய தங்கை யோகேஸ்வரி குடும்பத்தோடு இருந்தாள். சண்டையால் அங்கே கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். கடல்நீரேரி கடந்து போகிற யாராவது ஒருவரின் பையில் கசெற் போகும். வருகிறவரின் பையில் பதில் வரும். அந்தக் காலத்தில் அப்படித்தான் சனம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டது.

அன்றைக்குக் கோயிலில் வைத்து ஒருவர் பதிலைக் கொடுத்திருந்தார். பாலேஸ்வரி அதைப் போட்டாள்.

“அக்கா,” என்றது யோகேஸ்வரியின் குரல். “பின்னேரத்தில ஒழுங்கை முழுக்க எங்கட வீட்டிலதான். சைக்கிள் டைனமோவில ரேப் றெக்கோடரைப் பூட்டி, முறை வைச்சு மிதிக்கினம். மிதிக்கிறவை களைச்சால் அத்தான்ர குரலும் இழுபடுது. என்ர மனுசன் சிரிச்சதைக் கண்டு எத்தினை மாசம். நேற்றுச் சிரிச்சவர். கொட்டாஞ்சேனைப் பெட்டையை மட்டும் நம்ப வேண்டாமெண்டு எல்லாரும் சொல்லச் சொன்னவை.”

சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சறத்தில் துடைத்தார். புதுக்கடையில் இருபத்தாறு வருசம் பிறர் சொன்னதை எழுதியவர். அவர் வாயிலிருந்து வருவதற்காக ஓர் ஒழுங்கையே காத்திருக்கிறது. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“ஒண்டு மட்டும் அக்கா,” என்று குரல் தொடர்ந்தது. பாலேஸ்வரி நிறுத்தக் கை நீட்டினாள், ஆனால் அவசரப்படவில்லை. “இதை அத்தானுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னால், தான் பெரிய எழுத்தாளர் எண்ட நினைப்பில இங்கிலீசில தொடங்கிவிடுவார்.”

பாலேஸ்வரி எட்டாவது கசெற்றைத் திரும்பப் போட்டு, பதியும் பொத்தானை அமத்தினாள்.

“சொல்லுங்கோ,” என்றாள். “தமிழில.”