தூசு கதவைச் சாத்திய ஞாயிறு

விண்மீன்களுக்கே மூலப்பொருளான ஹைட்ரஜன் எப்படி ஜோடி சேர்கிறது என்னும் மகத்தான இரகசியம், 1986இல் ஒரு சனிக்கிழமை மாலை, பினாங்கில், உள்ளூர்த் தமிழர் சங்கத்தின் திருமண இணைப்புத் துணைக்குழுக் கூட்டத்தில், வடைக்குச் சற்று முன்னால் வெளியிடப்பட்டது. குழுவின் பணிக்கு ஓர் 'அறிவியல் அடித்தளம்' வேண்டுமென்று தலைவர் விநாசித்தம்பி விரும்பி, கெலுகோர் பல்கலைக்கழகத்திலிருந்து இயற்பியல் விரிவுரையாளர் டாக்டர் விஸ்வலிங்கத்தை வரவழைத்திருந்தார். வடை, செயலாளர் குணவதி சுட்டது.

"விண்வெளியில ரெண்டு ஹைட்ரஜன் அணு நேருக்கு நேர் வந்தாலும் சேராது," என்றார் டாக்டர். "சேரும்போது வர்ற சூட்டை வாங்கிக்க மூணாவது ஆள் வேணும். பனி மூடின தூசு ஒன்னு அங்க சும்மா கிடக்கும். ரெண்டும் அதுமேல வந்து ஒட்டும், சுத்தும், சந்திக்கும், ஜோடியாகும். சூட்டைத் தூசுகிட்ட விட்டுட்டுப் பறந்துடும்."

"தூசு?" என்று கேட்டாள் குணவதி.

"அங்கயேதான் கிடக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் வீட்டை இவர் எப்போது பார்த்தார்?

சங்கத்தார் மானஸ்தர்கள். பெண் வீட்டுக்கு நேரே போய், வேண்டாமென்று திரும்பினால் ஊர் சிரிக்கும். ஆகவே இரு வீட்டாரும் மூன்றாமவர் வீட்டில் 'தற்செயலாக' சந்திப்பதே முறை. பதினெட்டு ஆண்டுகளாக அந்த மூன்றாவது வீடு குணவதியுடையது. அங்கே நாற்பத்தொரு ஜோடிகள் தற்செயலாகச் சேர்ந்தன. சீர்வரிசைச் சண்டையின் சூடெல்லாம் அவளுக்கு. ஜோடிகள் பறந்துவிடும், ஒன்று மெல்பர்னுக்கே பறந்தது.

ஜாதகக் கோப்பின் அடியில் அவளுடையதும் கிடந்தது. எடுக்கச் சொல்லி ஆண்டுதோறும் கேட்பாள்.

"எடுக்கலாம் தங்கச்சி," என்பார் விநாசித்தம்பி ஆழ்ந்த கவலையோடு. "ஆனா உன்னை எந்த வீட்ல வச்சுப் பொண்ணு பார்க்கிறது? மூணாவது வீடு உன் வீடாச்சே!"

அசைக்க முடியாத வாதம். அதற்குள் அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு மாலை டாக்டருக்கே பெண் பார்க்கும் ஏற்பாடு. இரு வீட்டாரும் பட்டும் நகையுமாக மூன்றாம் மாடியில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். குணவதி கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்கென்று சுட்ட வடையைத் தானே தின்றபடி, கதவில் காதை வைத்தாள்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா, காய் வாங்கப் பாசாருக்கு வந்தோம். நீங்க?"

"நாங்களும் பாசாருக்குத்தான்."

"இந்த நேரத்துல பாசார் ஏதுலா?"

ஒரு வீட்டார் படியில் இறங்கினார்கள். மற்ற வீட்டார் லிஃப்டில் இறங்கினார்கள். குணவதிக்குச் சிரிப்பில் வடை புரையேறியது.

மறுநாள் விநாசித்தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் அவசரத் தீர்மானம்.

"டாக்டர் சொன்னது நிரூபணமாயிடுச்சு! தூசு இல்லாம ஒன்னும் சேராது. நீதான் சங்கத்துக்கே ஆதாரம், தங்கச்சி. பொன்னாடை போத்தப் போறோம்லா!"

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா அண்ணே?"

"தெரியாமலா? நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா, அப்புறம் இங்க ஒரு கல்யாணம் நடக்குமா?"

குணவதி செயலாளர் அல்லவா, கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"எழுதிக்கிறேன் அண்ணே. சங்கம் சேர்த்து வச்சது நாப்பத்தொன்னு. சேரவிடாம வச்சது ஒன்னு."