கீறல் படாமல் ஒரு சைக்கிள்

மூன்றாவது முறையாகச் சைக்கிள் கூரையிலிருந்து சறுக்கி இறங்கியபோது ஐயாத்துரை அதைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார்.

வேனின் கூரை மேல் கயிறும் கையுமாகக் குந்தியிருந்த ராமையா எட்டிப் பார்த்தான்.

"அடி பட்டிருச்சா ஐயா?"

"எனக்கோ, சைக்கிளுக்கோ?"

"உங்களுக்குத்தான்."

"அதை விடும். சைக்கிளைப் பாரும். கீறல் ஏதும் விழுந்திட்டுதோ?"

ராமையா இறங்கி வந்து பார்த்தான். பச்சை நிறப் பெண்கள் சைக்கிள். இரண்டு நாளாக ஐயாத்துரை அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். அதனால்தான் கயிறு நிற்கவில்லை என்பது ராமையாவின் கட்சி. கூரை பாண்ரொட்டி மாதிரி உப்பியிருப்பதுதான் காரணம் என்பது ஐயாத்துரையின் கட்சி. இரண்டுமே உண்மை.

"கீறல் இல்லைங்க ஐயா. உங்க சட்டைதான் கிழிஞ்சிருக்கு."

"நல்லது" என்றார் ஐயாத்துரை.

மூன்று மாதமாக அவர் சொன்ன முதல் 'நல்லது' அது. ஈப்போவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஐயாத்துரை. ஓய்வு பெற்ற மறுவாரம், சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரையிடமிருந்து இந்த வீட்டு வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். 1956-ஆம் வருடத்து வண்டி. உள்ளே கட்டில், அலமாரி, மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு திரி அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. இனி இருவரும் நாடு முழுக்கச் சுற்றலாம், இறங்கின இடமே வீடு என்று மனைவி அம்பிகையிடம் விவரித்தார்.

அம்பிகை உள்ளே ஏறி அடுப்பைப் பார்த்தாள். இறங்கினாள்.

"முப்பது வருசம் வீட்டுக்குள்ளை சமைச்சன். இனி றோட்டிலையும் சமைக்கவோ?" என்றாள். "வாங்க முன்னம் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

அவர் கேட்டிருக்கவில்லை. அதற்கு முந்தைய முப்பது வருடமும் எதையும் கேட்டதில்லை என்பது அன்று பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் அவள் சித்தியவானில் நர்ஸாக இருக்கும் தங்கை விமலாதேவி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் இருந்தது. ஐயாத்துரை காலையில் கடையில் ரொட்டியும் மாலையில் கடையில் ரொட்டியும் தின்றார். அவர் மூன்று கடிதம் போட்டார், பதில் இல்லை. போன வாரம் ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி.

'எனது சைக்கிள் தேவைப்படுகிறது. கீறல் படாமல் கொண்டுவந்து தரவும்.'

அதை அவர் அலுவலகக் கோப்பைப் படிப்பதுபோல ஏழு முறை படித்தார். 'அனுப்பவும்' என்று எழுதவில்லை. 'கொண்டுவந்து' என்று எழுதியிருக்கிறாள். ஆக, அவரே வர வேண்டும். கல்யாணமான புதிதில் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றியவர்கள். ஆக, சித்தியவானுக்குப் பக்கத்திலுள்ள லுமுட் கடற்கரையில் மறுபடி சுற்ற ஆசைப்படுகிறாள். சைக்கிளை வேனில்தான் ஏற்றிவர முடியும். ஆக, வேனையும் மன்னித்துவிட்டாள்.

அவர் தன்னுடைய கறுப்புச் சைக்கிளையும் வெளியே எடுத்தார். திரும்பி வரும்போது அவள் வழியில் படுத்துக்கொள்ள அவளுடைய தலையணையை வேனுக்குள் வைத்தார். வண்டி ஓட்ட ராமையாவைக் கூப்பிட்டார். ராமையா அந்தத் துரையிடம் டிரைவராக இருந்து இதே வேனைப் பத்து வருடம் ஓட்டியவன். தோட்டம் கைமாறி, அவன் குடியிருந்த லயத்தையும் இடித்த பிறகு ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை செய்தான்.

"துரை இதுல சைக்கிள் ஏத்தினதே இல்லைங்க ஐயா" என்றான் அவன்.

"ஏன்?"

"தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கூரையைக் கைவிட்டு, வேனின் முதுகில் கட்டுவது என்று முடிவானது. கனமான கறுப்புச் சைக்கிளை உள்பக்கமாக, வண்டியோடு ஒட்டிக் கட்ட வேண்டும், லேசானது வெளியே, அப்போதுதான் ஆடாது என்றான் ராமையா. அம்பிகையின் சைக்கிள் வெளியே தூசியில் கிடப்பதா என்று ஐயாத்துரை மறுத்தார். பச்சை உள்ளே போனது. அது வேனில் உரசாமலிருக்க நடுவில் தலையணை. கறுப்பு அதற்கு வெளியே, பாரத்தில் தொங்கிக்கொண்டு.

காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். வானம் மூடிக்கிடந்தது. மெங்லெம்பு தாண்டும்வரை ஐயாத்துரை பின்பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பூசிங் கடைத்தெருவில் வெடிச்சத்தம் கேட்டது.

காப்பிக் கடையில் இருந்தவர்கள் மேசைக்கு அடியில் குனிந்தார்கள். ராமையா வண்டியை ஓரங்கட்டினான். தொங்கிப்போன கறுப்புச் சைக்கிளின் பின்டயர் புகைக்குழாய்க்கு நேரே வந்திருந்தது. ஈப்போவிலிருந்து அதைப் புகைக்குழாய் மெல்ல மெல்ல வேகவைத்திருக்கிறது.

"பச்சைக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. தலகாணிதான் கருகிருக்கு."

சத்தம் கேட்டு எதிரிலிருந்து ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். வண்டியின் பின்புறத்தைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"நொம்போர் மானா?" என்று கேட்டார், நம்பர் எங்கே என்று.

நம்பர் தகடு சைக்கிள்களுக்குப் பின்னால் இருந்தது. பின்விளக்குகளும் அங்கேதான் இருந்தன. மனைவியை அழைத்துவரப் போவதாக ஐயாத்துரை தன் சுத்தமான அலுவலக மலாயில் விளக்கினார். போலீஸ்காரர் கருகிய தலையணையைப் பார்த்தார், அவருடைய கிழிந்த சட்டையைப் பார்த்தார். அவருக்கும் மனைவி இருந்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, பின்னால் கட்டக்கூடாது, வேறு எங்கேயாவது கட்டிக்கொண்டு போ என்றார்.

வேறு எங்கே என்றால், முன்னால்.

"முன்னால கட்டுனா காத்து போகாதுங்க ஐயா. இஞ்சின் சூடேறிரும்லா."

"எவ்வளவு தூரம் போகும்?"

"சொல்ல முடியாது."

ஐந்து மைல் போனது. ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டை ஒன்றின் அருகே வண்டியின் முகத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ராமையா தகர டின்னைத் தூக்கிக்கொண்டு குட்டைச் சரிவில் இறங்கி, வழுக்கி, முழங்கால் வரை சேறோடு தண்ணீர் கொண்டுவந்தான். ஐயாத்துரை டின்னை வாங்கி ஆவியில் நின்ற பச்சைச் சைக்கிளின் மேல் ஊற்றினார்.

ராமையா காலி டின்னைப் பார்த்தான்.

"ஐயா, அது இஞ்சினுக்கு."

"பெயின்ற் பொங்கிப்போமெல்லோ, ராமையா."

ராமையா மறுபடி இறங்கினான்.

இஞ்சின் ஆறும்வரை இருவரும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. ஐயாத்துரை தன் கைக்குட்டையை விரித்துப் பச்சைச் சைக்கிளின் இருக்கையில் போட்டார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. அம்மா வந்திருவாங்கன்னு நிச்சயமா தெரியுமா?"

"வராத மனுசி ஏன் சைக்கிள் கேக்கிறா?"

ராமையா எழுந்து போய்ச் சைக்கிள் கயிற்றை அவிழ்த்தான். "உள்ள ஏத்திருவோம்" என்றான்.

உள்ளே ஏற்ற வாசல் போதவில்லை. வாசலில் கைப்பிடியைத் திருப்பி நுழைத்தால், உள்ளே கட்டில் தடுத்தது. கட்டிலைக் கழற்றினால், மேசை தடுத்தது. மேசையைக் கழற்றினால், அடுப்பு. ஒவ்வொன்றாகக் கழன்று சாலையோரத்துக்கு வந்தது. பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்ததும், இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

ஐயாத்துரை திரும்பிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் அவர் வாங்கிய வீடு முழுவதும் புல்லில் கிடந்தது. மெத்தை நனைந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்கொள்ளும்" என்றார். "அடுப்பை முதல்லை எடும்."

சீனர் அடுப்பை எடுத்தார். அப்புறம் மெத்தையை. திரைச்சீலையைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஐயாத்துரையே கழற்றிக் கொடுத்தார்.

பச்சைச் சைக்கிள் உள்ளே போய் நின்றது. பச்சையில் உரசிவிடும் என்று கறுப்பை ஏற்ற ஐயாத்துரை விடவில்லை. அதைச் சீனரின் வேலியோரமாகச் சாய்த்துவிட்டு, ராமையா வண்டியைச் சாலைக்குத் திருப்பப் பின்னால் எடுத்தான். முறியும் சத்தம் ஒன்று கேட்டது.

"என்ன அது?"

ராமையா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகம் செத்திருந்தது.

"சைக்கிள்ங்க ஐயா. ரெண்டா மடங்கிருச்சு."

"எது?"

"உங்களுது."

ஐயாத்துரை நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "அப்ப சரி. போவம்."

பச்சைச் சைக்கிளைக் கட்டி நிறுத்த உள்ளே இப்போது எதுவும் மிச்சமில்லை. ஆகவே அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் முன்சக்கரத்தை இடுக்கி, இருக்கையைத் தோளில் தாங்கிக்கொண்டார். போத்தா பாலத்தில் வண்டி குலுங்கியபோது சங்கிலி அவர் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பாக இழுத்தது. ஆயர் தாவார் வளைவில் மிதி அவர் கணுக்காலைத் தோலுரித்தது. சாலைப் பள்ளம் ஒன்றில் மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் குழாய் விட்டுப்போய் அவர் தலையில் கொட்டியது. எழுந்து அடைக்கலாம் என்றால் சைக்கிளை விட வேண்டும். அவர் விடவில்லை. தொட்டி காலியாகும்வரை குனிந்து சைக்கிளுக்குக் குடையாக இருந்தார்.

அந்த நிலையில்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார்.

"அம்பிகை, நான் உம்மட்டைக் கேட்டிருக்கவேணும்."

சரியாக வரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அம்பிகை, எல்லாத்தையும் நான் கேட்டிருக்கவேணும். இனிக் கேப்பன்."

"என்னங்க ஐயா?" என்றான் முன்னாலிருந்து ராமையா.

"உம்மோடை கதைக்கேல்லை. நீர் றோட்டைப் பாரும்."

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு சைக்கிளிடம் கேட்பதே இத்தனை கடினமாக இருந்தது. ஆனால் மூன்றாம் முறை வாக்கியம் தடங்காமல் வந்தது. அவருக்கே ஆச்சரியமாக, கண்ணும் கலங்கியது. ஆகட்டும், இதையே சொல்லலாம். அவள் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் தடவிப் பார்ப்பாள். கீறல் இல்லை என்று தெரிந்துகொள்வாள். பிறகு பையை எடுத்துவர உள்ளே போவாள்.

விமலாதேவி வீட்டின் முன் வண்டி நின்றபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மழை விட்டிருந்தது. ஐயாத்துரை எண்ணெய்க்கறையும் ஈரமுமாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். ராமையாவும் அவருமாகச் சைக்கிளைக் குழந்தையைப்போலத் தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். ஐயாத்துரை அதைச் சுற்றி வந்தார். மட்கார்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லைங்க ஐயா" என்றான் ராமையா. அவனுக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஐயாத்துரை சிரித்தார். ஈரத் தலையைக் கையால் கோதிவிட்டுக் கதவைத் தட்டினார்.

திறக்கவில்லை. பூட்டு தொங்கியது.

அடுத்த வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வேலிப்பக்கமாக வந்தாள். ராமையா விசாரித்தான். அவள் பெயர் வீரம்மா, இந்த வீட்டுக்கும் அவள்தான் துணி துவைப்பவள்.

"நர்ஸம்மா லுமுட்டுல டூட்டி. அக்காவும் இன்னும் வரல" என்றாள் அவள். "இப்ப வந்துருவாங்க. நீங்க சைக்கிள் கொண்டாந்த ஆளுங்கதான? வந்தா செவத்துல சாச்சு வச்சுட்டுப் போகச் சொல்லுன்னாங்க."

ஐயாத்துரை சொல்ல வைத்திருந்த வாக்கியம் நாக்கிலேயே நின்றது. "நான் காத்து நிக்கிறன்" என்றார்.

வீரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். எண்ணெய்க்கறையையும் தோலுரிந்த காலையும் பார்த்து, பாவப்பட்டு, ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"குடிங்கண்ணே. நல்ல வேளை நீங்களாவது கொண்டாந்தீங்க. அக்கா எஸ்டேட் பாலர் பள்ளியில டீச்சர் வேலைக்குச் சேந்து ரெண்டு மாசமாச்சு, போக மூணு கட்டை வர மூணு கட்டைன்னு தினம் ஆறு மைலு நடந்தேதான் போறாங்க. இனிமே ஈப்போ பக்கமே போகப்போறதில்லைன்னு ஆனப்புறம் ஒரு சைக்கிள் இல்லாம எப்படிண்ணே முடியும்?"