சத்தம் நிறுத்தி சுரேந்தர்

சத்தம் நிறுத்திகள் என்றோர் இனம் நம் பக்கத்தில் பெருகி வருவதை, வாசகரே, நீங்களும் கவனித்திருப்பீர்கள். கோளாறு இருந்துவிட்டுப் போகட்டும். அது வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் இவர்கள் கொள்கை. பீளமேட்டில் விசைத்தறிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியின் டீம் லீடர் சுரேந்தர், இந்த இனத்தின் மாணிக்கம்.

மென்பொருளுக்குள் அசெர்ஷன் என்று காவல் வரிகள் எழுதுவார்கள். நெய்ய மிச்சமுள்ள நீளம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அங்கேயே நின்று கத்து, என்பது போல. அவற்றை விழிக்க வைக்க ஒவ்வொரு கருவியிலும் தனித்தனி ஸ்விட்ச். சோதனை பார்க்கும் கனிஷ்காவின் கம்ப்யூட்டரில் சுரேந்தர் அதைப் போட்டு வைப்பார், கத்தினால் அந்தப் பெண்தானே கேட்கப் போகிறது. தன்னுடையதில் அணைத்து வைப்பார், அவருக்கு பி.பி. இருக்கிறது, வாடிக்கையாளருக்குப் போவதில் அறவே அணைத்துவிடுவார், விருந்தாளி முன்னால் யாராவது கத்துவார்களா? மரியாதை தெரிந்த மனிதர்.

"அண்ணா, நீளம் மைனஸ்ல போயி நின்னுபோடுதுங்க," என்றாள் கனிஷ்கா.

"என்ற மெஷின்ல நிக்கலியே அம்மணி."

"உங்குளுதுல செக் ஆஃப்ல இருக்குதுங்கண்ணா. எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஆன் பண்ணிப்போடலாமுங்களா?"

"மொத வாடிக்கை கண்ணு. அபசகுனமாப் பேசாத."

கருமத்தம்பட்டி அரங்கசாமியின் தறிக்குடோனில் அன்றே அந்த மென்பொருள் ஏறியது. அவரிடம் இருந்தது இரண்டு ஆர்டருக்கான நூல். முதல் ஆர்டரின் நானூறு மீட்டர் முடிந்ததும் தறி தானாக நிற்க வேண்டும். மிச்ச நூலில் இரண்டாவதை நெய்து கொடுக்காவிட்டால் குடோனை மூட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் சுரேந்தருக்கு அரங்கசாமியிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க தம்பி, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. தறி எப்படிங்க?"

"ஒரு சத்தமில்லீங்க."

சுரேந்தருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"நிக்கத்தான் மாட்டேங்குதுங்க. துணி ரோட்டத் தாண்டி பஸ் ஸ்டாப்புல ஏறிப்போட்டுதுங்க. மைனஸ் தொள்ளாயிரம் மீட்டர்னு காட்டுது. நெய்ததப் பிரிச்சுப்போடோணுமுங்களா?"

"மெயின் ஸ்விட்ச அணைச்சிருக்கலாமேங்க?"

"படிச்ச புள்ளைங்க செஞ்சு குடுத்தது. நாம கை வெச்சா நல்லாருக்குங்களா?"

சுரேந்தர் போனும் கையுமாகக் கனிஷ்காவிடம் ஓடினார். அவள் ஒரே வரியில், எழுதும் இடம், சோதிக்கும் இடம், தறி ஓடும் இடம் என எல்லாவற்றிலும் காவலைப் போட்டு அனுப்பினாள். அரை நிமிடத்தில் தறி கத்திக்கொண்டே நின்றது.

"நின்னுபோச்சுங்க தம்பி. ரொம்ப சந்தோசமுங்க," என்றார் அரங்கசாமி. "இதே சத்தத்த மொத நாளே போட்டிருந்தா ரெண்டாவது ஆர்டருக்கு நூல் மிஞ்சியிருக்குமுங்க."

மாலையில் அவர் மறுபடியும் அழைத்தார். சுரேந்தர் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. காரில் சீட் பெல்ட் போடாமல், அது கத்துவதை மட்டும் நிறுத்துவதற்காக வெறும் கொக்கியைச் செருகி வைத்திருக்கிறீர்களே, அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரியுங்கள்.