ஜிம்முக்குக் குளிக்கப் போகிறவர்

என் தம்பி மாங் கியூசிக் தடைகளை மீறி வென்றவை இவை. ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தது. கனரக வண்டி உரிமத் தேர்வில் நான்காம் முறை தேறியது. மூன்று முறை மாட்டேன் என்று சொன்ன பெண்ணைத் தலையாட்ட வைத்தது. தொண்டை கட்டியிருந்த நாளில் வட்டாரப் பாட்டுப் போட்டியில் பாடி கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஒரு குளிர்பெட்டியைத் தூக்கி வந்தது. தென்கொரியாவின் புசான் நகர மேட்டுத் தெருக்களில், பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் நுழைய முடிகிற சந்துகளில், ஒரு கீறல் விழாமல் மினி பஸ் ஓட்டுவது.

இத்தனையும் வென்றவன், ஜனவரி நான்காம் தேதியை மட்டும் ஒருமுறைகூட வென்றதில்லை.

அவன் ஒரு தனி இனம். உடம்பைத் தேற்றப் போகிறேன் என்று வருடப் பிறப்பன்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, வருடம் முழுக்க ஜிம்முக்குக் குளிக்க மட்டும் போகிறவர்களின் இனம். உங்களுக்கும் இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள், கடைசிவரை கேளுங்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. ஒன்றாம் தேதி விடியலில் கடற்கரையில் நின்று, எழுந்து வரும் சூரியனைப் பார்த்து, அது ஏதோ கடன்காரன் என்பதுபோல் கத்துவார். வீடு திரும்பி அரிசிக் கொழுக்கட்டைச் சூப் இரண்டு கிண்ணம் குடிப்பார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் நான் வேற ஆளு" என்பார். சோஜு சாராயம் கிடையாது, ராத்திரியில் பொரித்த கோழி கிடையாது. இரண்டாம் தேதி புதுக் காலணி வரும், மூன்றாம் தேதி புரதப் பொடி டப்பா வரும், இடுப்புக்கு ஒரு பட்டை, நெற்றிக்கு ஒரு பட்டை, இதயம் துடிப்பதை எண்ணிச் சொல்ல மணிக்கட்டுக்கு ஒரு பட்டை என்று வரிசையாக எல்லாம் வந்து சேரும். நான்காம் தேதி? பொரித்த கோழி வரும்.

தோற்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்குத் தோல்வியே கிடையாது. தேதி மாற்றம் மட்டும்தான் உண்டு.

"அக்கா, சூரியக் கணக்கு வெள்ளக்காரன் கொண்டுவந்தது. நம்ம புத்தாண்டு சந்திரக் கணக்குதானே? அன்னைக்குத் தொடங்குறேன்."

சந்திரப் புத்தாண்டும் வந்து, சூப்போடு போனது.

"மார்ச்சுலதான் பள்ளிக்கூடம் திறக்குது. நாட்டுக்கே வருஷம் தொடங்குறது அன்னைக்குத்தான்."

அதுவும் போனது. அதன்பின் திங்கட்கிழமைகள். செவ்வாயன்று கேட்டுப் பாருங்கள், "வாரத்துக்கு நடுவுல தொடங்கி யாராவது உருப்பட்டிருக்காங்களா?" என்பான்.

இந்த வருடம் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் விஷயம் அவன் தொப்பையோடு நிற்கவில்லை. போன இலையுதிர் காலத்தில், மகள் நாரேயின் பாலர் பள்ளி விளையாட்டு விழாவில், அப்பாக்களின் தொடர் ஓட்டத்தில் நீல அணிதான் முன்னால் இருந்தது. கியூசிக் கையில் தொடர் ஓட்டக் கோல் வந்தது. பத்தடி ஓடினான். அவன் மனம் போன வேகத்துக்குக் கால் வரவில்லை. கோல் ஒரு பக்கம், காலணி ஒரு பக்கம், அவன் வயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டு இன்னொரு பக்கம். அணி தோற்றதை நாரே மறந்துவிட்டாள். ஆனால் தெஹூன் என்ற பொடியன் குளிர்காலம் முழுக்க அந்த விழுதலை வகுப்பில் அச்சு அசலாக நடித்துக் காட்டினான். இந்த வருடம் அவள் ஒன்றாம் வகுப்பு. தெஹூனும் அதே வகுப்பு.

என் தொடுகறிக் கடைக்கு வந்து, முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த என் காதில் சொன்னாள்: "அத்தை, விளையாட்டு விழா அன்னைக்கு அப்பாவுக்கு டூட்டி போடச் சொல்லுங்க. பஸ் கம்பெனில யாரையாவது தெரியும்ல?"

கத்தியைக் கீழே வைத்தேன். அன்றே மேட்டு உச்சியில் இருக்கும் ஜிம்முக்கு ஏறி, ஒரு வருடத்துக்கு அவனைச் சேர்த்தேன். சேர்க்கைச் சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஐயா அப்போது திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தார்.

அவன் போகத்தான் செய்தான், தினமும். வீட்டில் ஒரே குளியலறை; காலையில் மனைவியும் மகளும் உள்ளே போனால் இவன் முறை வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். எனவே ஜிம்முக்குப் போய், எல்லோருக்கும் தலை தாழ்த்தி வணங்கி, அவர்கள் தரும் சட்டையை மாட்டி, கண்ணாடிமுன் வயிற்றை எக்கி ஒரு கணம் நின்று, எடை தூக்கும் பலகையில் சாய்ந்து கைப்பேசியில் செய்தி படித்து, பிறகு கொதிக்கும் வெந்நீரில் சாவகாசமாகக் குளித்து, அவர்களுடைய துண்டில் துடைத்து, அவர்களுடைய காற்றில் தலை உலர்த்தி, முகம் பளபளக்க இறங்கி வருவான். "செம வேர்வை இன்னைக்கு" என்பான். பொய் சொல்லவில்லை, வெந்நீரில் வேர்க்காதா?

சித்திரைப் பூக்கள் உதிர்ந்த நேரத்தில், பயிற்சியாளர் போரா குளியலறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள்: 'வேர்த்தவர்கள் முதலில் குளிக்கட்டும்.' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

கியூசிக் கடைக்கு வந்து ஒரு கீரைக் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். "நாலு பேர் என்ன நினைப்பாங்க அக்கா?"

"ஓடிட்டுக் குளி."

"ஓடுறதெல்லாம் திங்கக்கிழமைதான். குளிக்கிறது நாளைக்கே குளிக்கணுமே?"

மறுநாள் கைகழுவும் தொட்டியில் முகத்தை நனைத்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தான். போரா துண்டை நீட்டினாள். "சார், நெத்தி நனைஞ்சிருக்கு. சட்டை காஞ்சிருக்கே?" அதற்கு மறுநாள் சட்டையையும் நனைத்தான். சொட்டச் சொட்டப் போனதில் தரை வழுக்கி, துடைக்கச் சொல்லி மாப்பைக் கையில் கொடுத்தார்கள். நேர்மையாக வேர்ப்பதே சுலபம் என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

டிரெட்மில்லில் ஏறினான். வேர்க்கிற அளவுக்கு மட்டும். ஆனால் பக்கத்து டிரெட்மில்லில் மீன் சந்தை ஓக்சுன் அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறவர்.

"என்ன தம்பி, பஸ்ஸுலதான் வேகமா?"

"அம்மா, நான் சும்மா குளிக்க வந்தேன்."

"என் கடை ஆமை உன்னைவிட வேகம். அதுவும் ஐஸ் மேல."

அவரைவிட மெதுவாக ஓடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வேகத்தைக் கூட்டினான். அவரும் கூட்டினார். மழைக்காலம் முழுக்க, உச்சிக் கோடை முழுக்க, தினமும் இதே கதை. சபதம் என்னவாயிற்று என்று யாராவது கேட்டால் உடனே முகம் சுருங்கும். "அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்ப குளிக்கத்தான் போறேன்." இடுப்புப் பட்டையில் இரண்டு துளை உள்ளே போயிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. இந்த இனத்திடம் நீ சபதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டால், உடனே கொண்டாடக் கோழி வாங்கிவிடும்.

விழா வந்தது. நான் யாரிடமும் டூட்டி போடச் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கியதில் அவன் கடைசி ஓட்டக்காரன். நாரே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கோல் வந்தபோது நீல அணி மூன்றாவது. கியூசிக் ஓடினான். யாரோ ரப்பர் பூட்ஸோடு பின்னால் துரத்துவதுபோல் ஓடினான். ஒருவரைக் கடந்தான். முன்னால் போனவர் தீயணைப்பு வீரர். அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது இடம்.

"அத்தை, விழுந்துட்டாரா?"

"கண்ணைத் தொறந்து பாருடி."

பார்த்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார், இரண்டு காலில். அவள் நேராகத் தெஹூனிடம் போனாள். "இப்ப இதை நடிச்சுக் காட்டு."

"இதுல நடிக்க ஒண்ணுமே இல்லையே" என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த வாரம் போரா காலை ஓட்டக் குழுவின் பலகையைக் கியூசிக்கிடம் நீட்டினாள், பெயர் எழுதச் சொல்லி.

"திங்கக்கிழமை வந்து போடுறேன்."

"திங்கக்கிழமைக்கு நான் இருக்கேனோ இல்லையோ, இப்பவே போடு" என்று பேனாவை அவன் கையில் திணித்தார் ஓக்சுன் அம்மா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் நாள்காட்டியில் எத்தனை புத்தாண்டு? ஆங்கிலத்துக்கு ஒன்று, தைக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். இவையெல்லாம் போக, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு திங்கட்கிழமைகளும் உண்டல்லவா? இதைப் படித்துக்கொண்டே, நாளைக்கு வேண்டாம், ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்கலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டீர்களா? அப்படியென்றால் நீங்களும் எங்கள் குடும்பம்தான்; துண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என் தம்பி ஜிம்மில் முதன்முதலாகத் தன் கையால் கையெழுத்துப் போட்டது எந்தப் புத்தாண்டிலும் இல்லை, எந்த மாதப் பிறப்பிலும் இல்லை. அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை.